சொந்தமாகக் கல்யாண போட்டோகிராஃபி தொடங்கலாமா? ஆல்பம் பாக்கியிலிருந்து கணக்குப் போடுங்கள்

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து வருடமாக மற்ற ஸ்டுடியோக்களுக்கு ஃப்ரீலான்ஸில் கேண்டிட், அதாவது போஸ் கொடுக்க வைக்காமல் இயல்பாகப் பிடிக்கிற படம், எடுத்துக் கொடுக்கிறீர்கள், கையில் ஐந்து லட்சம் சேர்ந்திருக்கிறது, திண்டுக்கல்லில் சொந்தமாகத் தொடங்க ஆசை, எந்த கேமரா வாங்கலாம், பேக்கேஜ் எவ்வளவு போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவும் பேக்கேஜும் மேலே தெரிகிற கேள்விகள். இப்போது நாள் சம்பளத்துக்குப் போனால் இரண்டு நாளில் ஜிபே வந்துவிடுகிறது, முதலாளி ஆனால் மாதா மாதம் வீட்டுக்கு அவ்வளவாவது மிஞ்சுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். ஃபிலிம் ரோல் காலத்தின் கடைசியில் இந்தத் தொழிலுக்கு வந்து, மதுரை வட்டாரத்தில் சின்ன ஸ்டுடியோ நடத்துகிறவன் நான். எனக்குத் தெரிந்தது தென்மாவட்டத்து மண்டபக் கல்யாணம், நடுத்தரக் குடும்பம். சென்னை ஈசிஆர் ரிசார்ட் கல்யாணங்களும் கோவாவுக்குப் போய் எடுக்கிற கல்யாணங்களும் வேறு உலகம், என் எண்களை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

இந்தத் தொழிலில் பணம் கைநழுவுவது கல்யாணத்தன்று கிடையாது. பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போன பிறகு, ஆல்பம் கைமாறும் வரை ஓடுகிற அந்த நான்கு, ஆறு, சில சமயம் பத்து மாதங்களில்தான் போகிறது. ஃப்ரீலான்சருக்கு அந்தப் பகுதி கண்ணிலேயே படாது. முகூர்த்தம் முடிந்ததும் மெமரி கார்டை ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்து காப்பி போட்டுவிட்டு, பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். அதற்கப்புறம் நடப்பதுதான் தொழில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊருக்கு ஊர் ரேட் மாறும், எனவே எண்களைவிட கணக்குப் போடும் முறையைப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டுக்கும் சேர்த்து 85,000 ரூபாய் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேண்டிட் நீங்களே எடுக்கிறீர்கள். ட்ரெடிஷனல் போட்டோவுக்கு, அதாவது மேடையில் நிற்க வைத்து எடுக்கிற வழக்கமான படங்களுக்கு, ஒருவர் 8,000, வீடியோவுக்கு ஒருவர் 12,000, லைட் பிடிக்கிற பையனுக்கு 2,000. இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு ஆல்பம், டிசைனும் அச்சடிக்கிற லேப் செலவும் சேர்த்து 18,000. வீடியோ எடிட்டிங் 7,000. வண்டி 3,000. பென்டிரைவ், ஃப்ரேம், காலண்டர் வகையறா 4,000. கூட்டினால் 54,000. மிச்சம் 31,000. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஸ்டுடியோ வைக்கிறார்கள். ஆனால் கையிலிருக்கும் ஐந்து லட்சத்தையும் சாமானிலேயே போட்டால், அது நான்கு வருடம் உழைக்கும் என்று வைத்து, வருடத்துக்கு 25 கல்யாணம் என்றால், ஒரு கல்யாணத்துக்கு 5,000 சாமான் தேய்மானம். கடை வாடகை, கரண்ட், நெட் எல்லாம் மாதம் பத்தாயிரம் என்றால் கல்யாணத்துக்கு இன்னொரு 5,000. கையில் நிற்பது 21,000. அதுவும் அந்த ஒன்றரை நாள் உழைப்புக்கு மட்டும் இல்லை, பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கலர் பார்க்கிற பத்து நாளுக்கும் சேர்த்து.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் பக்கம் வழக்கமாக 25 சதவீதத்தை "ஆல்பம் வாங்கும்போது தர்றோம்" என்று பிடித்து வைத்துக்கொள்வார்கள். 85,000-இல் 25 சதவீதம் 21,250. அதாவது உங்கள் லாபம் மொத்தமும் அந்தக் கடைசித் தவணைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் வந்த பணமெல்லாம் ஃப்ரீலான்சருக்கும் லேபுக்கும் கடை ஓனருக்கும் நீங்கள் கைமாற்றிக் கொடுத்தது. ஐந்து குடும்பம் ஆல்பம் வாங்க வரவில்லை என்றால் ஐந்து கல்யாணத்துக்குச் சும்மா வேலை பார்த்திருக்கிறீர்கள். எங்கள் ஏரியாவில் கடையை மூடியவர்களில் பலர் நன்றாகப் படம் எடுத்தவர்கள், பீரோ நிறைய கட்டி முடித்த ஆல்பங்களோடு மூடினார்கள்.

ஏன் வரமாட்டார்கள்? பெரும்பாலும் ஏமாற்ற வேண்டும் என்பதில்லை, செலக்ஷன் முடியாததுதான். மூவாயிரம் போட்டோவைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து "இருநூறு செலக்ட் பண்ணிக் கொடுங்க" என்று சொன்னால் எந்தக் குடும்பத்தாலும் முடியாது. பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவான், பெண் கூடவே போய்விடும், அவள் எடுத்து வைத்த லிஸ்டில் மாமியாருடைய தம்பி குடும்பம் விட்டுப்போயிருக்கும், அதைச் சொல்லப் போய் இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம், அப்புறம் வளைகாப்பு வரைக்கும் யாரும் ஆல்பம் பேச்சை எடுக்க மாட்டார்கள். வளைகாப்புக்குக் கூப்பிடும்போது "அதையும் சேர்த்து ஒரே ஆல்பமா போட்டுருங்க தம்பி" என்பார்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பது.

அதனால் செலக்ஷனை நீங்கள்தான் பாதி செய்து கொடுக்க வேண்டும். கண் மூடியது, ஒரே போஸில் நான்கு, ஃப்ளாஷ் அடிக்காதது எல்லாவற்றையும் தூக்கிவிட்டு எழுநூறு, எண்ணூறுக்குக் கொண்டுவாருங்கள். அதிலும் நீங்களே இருநூறுக்கு ஒரு அடையாளம் போட்டு, "இதை நாங்க எடுத்து வெச்சிருக்கோம், எதை மாத்தணுமோ அதை மட்டும் சொல்லுங்க" என்று கொடுங்கள். வெறும் தாளில் எழுதச் சொன்னால் திணறுகிறவர்கள், எழுதியதைத் திருத்தச் சொன்னால் ஒரே ராத்திரியில் திருத்தித் தருவார்கள். 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் 40 ஷீட் என்றால் 180 முதல் 200 படம்தான் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஷீட்டும் ஸ்டாம்ப் ஆல்பம் மாதிரி ஆகிவிடும். கூடுதல் ஷீட்டுக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பணத்தை நான் வாங்குகிற முறை இது: தேதி உறுதி செய்யும்போது 30 சதவீதம், ரிசப்ஷன் அன்று மேடை ஏறுவதற்கு முன் 50, எடிட் செய்த போட்டோக்களின் லிங்க் கொடுக்கும்போது 15, ஆல்பம் கையில் வாங்கும்போது வெறும் 5. பெரிய தொகை ஆல்பத்தில் தொங்கக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணமான முதல் இரண்டு வாரத்தில் போட்டோவுக்குத் தவியாய்த் தவிப்பார்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், டிபி எல்லாம் அதை நம்பித்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் கேட்கிற 15 சதவீதம் முகம் சுளிக்காமல் வரும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அதே தொகை கடன் வசூல் ஆகிவிடும். ரிசப்ஷன் அன்று 50 சதவீதம் கேட்க முதலில் கூச்சமாக இருக்கும். கேட்க வேண்டியது மாப்பிள்ளையிடமோ பெண்ணின் அப்பாவிடமோ இல்லை. எல்லாக் கல்யாணத்திலும் மஞ்சள் பையோடு ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார், சமையலுக்கும் நாதஸ்வரத்துக்கும் அவர்தான் பட்டுவாடா செய்வார். பேசி முடிக்கும்போதே அவர் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேண்டிட் ஆள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். உங்களைத் தேர்ந்தெடுப்பது பெண்ணும் பையனும், இன்ஸ்டாகிராம் பார்த்து. பணம் கொடுப்பது அப்பா. அவர் ஆல்பத்தைத் திறந்ததும் தேடுவது வெளிச்சத்தையும் ஃப்ரேமையும் இல்லை. தாய்மாமன் சீர் கொண்டுவந்தது இருக்கிறதா, இரண்டாவது மூன்றாவது முடிச்சுப் போட்ட நாத்தனார் முகம் தெரிகிறதா, ஆபீஸ் மேனேஜர் மேடைக்கு வந்து கவர் கொடுத்த படம் இருக்கிறதா, ஊர்க்காரர்கள் வேன் வைத்து வந்தார்களே அவர்கள் கும்பலாக நின்ற படம் எங்கே. இதெல்லாம் ட்ரெடிஷனல் போட்டோக்காரர் வேலை. கேண்டிட் எடுப்பவர்கள் அவரை மட்டமாகப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் டீமில் தூணே அவர்தான். கேண்டிட் சொதப்பினால் பையன் முகம் வாடும், மேடை போட்டோ சொதப்பினால் பாக்கி நின்றுபோகும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் இரண்டு வீட்டிலும் யாராவது பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, விடக்கூடாத உறவுகள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் யார் என்பதையும் நாசூக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களை ஒரே ஃப்ரேமில் நிற்கச் சொல்லி நீங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

தாலி கட்டுகிற அந்தச் சில வினாடியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் முதலாளியாகப் போகும்போது யார் எங்கே நிற்பது என்பதை முடிவு செய்கிற பொறுப்பு உங்களுடையது. கெட்டிமேளம் கேட்டதும் முன்வரிசையே எழுந்து நிற்கும், செல்போன் பிடித்த கைகள் உயரும், அட்சதை பறந்து வந்து சரியாகப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் தொங்கும், மாலை பாதி கழுத்தை மறைத்திருக்கும், பின்னால் முடிச்சுப் போடும் இடத்தை ஜடை அலங்காரம் மூடியிருக்கும். அதனால் முன்கூட்டியே வீடியோக்காரர் நேர் முன்னால் தாழ்ந்து, ட்ரெடிஷனல் ஒரு பக்கம், நீங்கள் எதிர்ப்பக்கம் கொஞ்சம் உயரமாக என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். புரோகிதரிடம் அரைமணி நேரம் முன்பே ஒரு வணக்கம் போட்டு, "தாலியை எடுத்துக் கொடுக்கறப்போ ஒரு நிமிஷம் தூக்கிக் காட்டுங்க சாமி" என்று சொல்லி வைத்தால் பெரும்பாலும் ஒத்துழைப்பார். மேடைக்குப் பின்னால் எல்இடி ஸ்கிரீன் இருந்தால் சைலன்ட் ஷட்டரை (சத்தமில்லாமல் எடுக்கிற எலக்ட்ரானிக் ஷட்டர்) மறந்துவிடுங்கள், படத்தில் கோடு கோடாக விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 வினாடி வையுங்கள், நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப லைட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் ஸ்கிரீனில் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, ரிசப்ஷன் தொடங்கும் முன் இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிடுவதுதான் சரி.

சரி, கேமரா. சோனி, கேனான், நிக்கான் எதுவானாலும் கல்யாணத்துக்குப் போதும், இதில் மதச்சண்டை வேண்டாம். ஐந்து லட்சத்தில் ஒரு புது உயர்ரக பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்குவதைவிட இரண்டு சாதாரண ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) பாடி வாங்குங்கள், நல்ல நிலையில் கிடைத்தால் செகண்ட் ஹேண்டாகவே. சோனி ஏ7 3 மாடல் 2018-இல் வந்தது, இன்றும் கல்யாணத்துக்கு அதன் 24 மெகாபிக்சல் தாராளம். நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில் மட்டும்தான்: இரண்டு கார்டு ஸ்லாட் இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை கிளிக் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். அந்த மாடலுக்குக் கம்பெனி சொல்வது சுமார் இரண்டு லட்சம் கிளிக், கல்யாணத்துக்கு நாலாயிரம் எடுத்தால் ஐம்பது கல்யாணத்தில் தொட்டுவிடும். தொட்ட அன்றே நின்றுவிடாது, ஆனால் விலை பேச உதவும். லென்ஸில் ஒரு 24-70 எம்எம், ஒரு 85 எம்எம், கூடவே இரண்டு ஃப்ளாஷ். 70-200 லென்ஸ், வீடியோ ஆடாமல் பிடிக்கிற கிம்பல் எல்லாம் முதல் வருடம் வாடகைக்கு எடுத்தால் போதும், மதுரையிலேயே கிடைக்கிறது. ஐந்து லட்சத்தில் மூன்றரைக்கு மேல் சாமானில் போடாதீர்கள். மீதி, முதல் ஆறு மாதம் ஃப்ரீலான்சருக்கும் லேபுக்கும் கைக்காசு போடுவதற்கு. இஎம்ஐயில் கேமரா எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை, காரணம் ஆடியும் மார்கழியும். கல்யாணம் நிற்கும், இஎம்ஐ நிற்காது.

சாமான் கணக்கில் பலர் சேர்க்காமல் விடுவது ஹார்ட் டிஸ்க். 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரிசப்ஷன், முகூர்த்தம் சேர்த்து ஐந்தாறு மணி நேர ஃபுட்டேஜ், அதோடு நாலாயிரம் ரா ஃபைல் (கேமரா தருகிற பதப்படுத்தாத மூலப் படம்) என்றால் ஒரு கல்யாணம் 300, 400 ஜிபி சுலபமாக வரும். 25 கல்யாணத்துக்குக் கிட்டத்தட்ட 10 டிபி, இரண்டு காப்பி என்றால் 20. ஒரு காப்பி கடையில், ஒன்று வீட்டில், கார்டை ஃபார்மட் செய்வது இரண்டும் முடிந்த பிறகு மட்டும். எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆல்பம் கொடுத்து ஒரு வருடம் என்பது நியாயமான கெடு.

இதையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேனே, எதில்? தமிழில் ஒரே ஒரு பக்கம். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன கொடுப்பீர்கள், பணத் தவணை, செலக்ஷனுக்கு 30 நாள் கெடு, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள், தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும். கடைசியாகச் சொன்னதன் அருமை 2020-இல் எல்லோருக்கும் தெரிந்தது. மார்ச் 25 முதல் ஊரடங்கு, மே மாதம் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்றார்கள், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பதா புதுத் தேதிக்கு வைத்துக்கொள்வதா என்று ஊர் முழுக்கத் தகராறு.

அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும். படம் எடுத்தவனுக்குத்தான் படம் சொந்தம் என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். ஆக இன்ஸ்டாகிராமில் போடுவதற்கும் கடை வாசலில் ஃப்ரேம் மாட்டுவதற்கும் அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதம் தராத குடும்பமும் இருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பாட்டு விஷயத்தில் இவ்வளவு தெளிவு கிடையாது. கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணம் சார்ந்த நிகழ்ச்சிகளிலும் பாட்டு ஒலிப்பதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதே பாட்டை ஹைலைட்ஸ் வீடியோவில் ஒட்டி யூடியூபில் ஏற்றுவதை அந்த விலக்கு காப்பாற்றும் என்று நான் நம்பமாட்டேன். நடைமுறையில் வீடியோ முடக்கப்படும், அல்லது விளம்பர வருமானம் பாட்டுக் கம்பெனிக்குப் போகும். வாடிக்கையாளருக்குப் பென்டிரைவில் கொடுப்பது ஒன்று, உங்கள் சேனலில் விளம்பரத்துக்காக ஏற்றுவது வேறு. உங்கள் சேனலுக்கு லைசென்ஸ் வாங்கிய இசையைப் பயன்படுத்துங்கள், வருடச் சந்தா கட்டினால் போதும்.

வரி கட்டுகிற விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன், மிச்சத்துக்கு ஆடிட்டரைப் பாருங்கள். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தாண்டுவது லாபம் இல்லை, மொத்த வரவு. மேலே போட்ட கணக்கையே பாருங்கள், 25 கல்யாணம், 85,000 வீதம், 21,25,000. அதாவது மாதம் நாற்பதாயிரம் சொச்சம் மிஞ்சுகிற சின்ன ஆளே எல்லைக்கு வந்துவிடுகிறார். போட்டோகிராஃபிக்கு 18 சதவீதம், 85,000-க்கு 15,300. இதைத் தனியாகக் கேட்டால் பெண் வீட்டார் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். 50 லட்சம் வரை காம்போசிஷன் என்கிற, சின்ன ஆட்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் 6 சதவீதம் கட்டலாம், ஆனால் அதைத் தனியாக வசூலிக்க முடியாது, உங்கள் கையிலிருந்து போகும், கேமரா வாங்கியபோது கட்டிய வரியையும் கழிக்க முடியாது. எது லாபம் என்பது உங்கள் செலவுகளைப் பொறுத்தது. இன்னொன்று, ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, பிரித்துப் பிரித்து வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கிய உங்களுக்கு. தேர்தல் சமயத்தில் 50,000-க்கு மேல் ரொக்கத்தோடு மண்டபத்திலிருந்து திரும்பினால் பறக்கும் படையிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும், ரசீது புத்தகம் வண்டியில் இருக்கட்டும்.

ட்ரோனை எல்லோரும் கேட்பார்கள். 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதை வேலைக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும், 2021 விதிகள் அப்படி. விமான நிலையம் பக்கம், பாதுகாப்புள்ள பெரிய கோயில் பக்கம் பேச்சே எடுக்காதீர்கள். சான்றிதழ் உள்ள ஒருவரை நாள் வாடகைக்கு அழைத்துக்கொள்வதுதான் உங்கள் அளவுக்குச் சரி.

வேலை எங்கிருந்து வரும் என்பதற்கு வருகிறேன். நான் பார்த்தவரை உறுதியாகச் சொல்லக்கூடிய வழி முந்தைய கல்யாணம்தான். ரிசப்ஷனில் உங்கள் டீம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அடுத்த தையில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற நாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கருப்புச் சட்டை, சத்தம் போடாத பேச்சு, பெரியவர்களை "கொஞ்சம் இப்படி வாங்கய்யா" என்று கூப்பிடுகிற விதம், இதெல்லாம் விளம்பரம். அடுத்தது மேக்கப் போடுகிறவர்களும் டெக்கரேஷன்காரர்களும். அவர்களுக்கு உபயோகப்படுகிற நாலு நல்ல படத்தை மறுநாளே அனுப்பி வையுங்கள், கமிஷன் கொடுப்பதைவிட அது வேலை செய்யும். மண்டப மேனேஜர்கள் சில இடத்தில் கமிஷன் கேட்பார்கள், கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், நான் கொடுப்பதில்லை. இன்ஸ்டாகிராமில் காசு கட்டி விளம்பரம் செய்வது பலன் தருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. விசாரணை நிறைய வரும், "ரேட் என்ன" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம். சிலருக்கு நன்றாகப் போகிறது என்பதையும் பார்க்கிறேன். ஒரு சீசனுக்கு ஐந்தாயிரம் வைத்துச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை.

டீமில் ஒரு பெண் போட்டோகிராஃபரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் முதல் வருடமே. மணப்பெண் அறை, நலுங்கு, வளைகாப்பு, பூப்புனித நீராட்டு விழா, முஸ்லிம் வீட்டு நிகழ்ச்சிகளில் பெண்கள் பக்கம் என்று அவர்களால் மட்டுமே இயல்பாக எடுக்க முடிகிற இடங்கள் ஏராளம். எங்கள் பக்கம் கேட்கிறவர்கள் அதிகம், இருப்பவர்கள் குறைவு. ஆடி, மார்கழி இடைவெளியை நிரப்புவதும் இந்த மாதிரி சின்ன வேலைகள்தான். காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா, நிக்காஹ் எல்லாவற்றையும் சேர்த்தால் பெரிய தொகை வராது, வாடகை ஓடும். மாறாக வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஒரே தேதிக்கு நாலு பேர் கூப்பிடுவார்கள், ஃப்ரீலான்சர் ரேட் ஏறிவிடும், கடைசி நேரத்தில் ஆளே கிடைக்காது. கல்யாண அட்வான்ஸ் கைக்கு வந்த அன்றே உங்கள் ட்ரெடிஷனல் ஆளுக்கும் வீடியோக்காரருக்கும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் போட்டுத் தேதியைப் பிடித்துவிடுங்கள். இரண்டு டீம் அனுப்பலாமே என்று முதல் வருடம் ஆசைப்படாதீர்கள்.

கடைசியாக, ஃப்ரீலான்ஸை எப்போது விடுவது. என் அபிப்பிராயத்தில் முதல் வருடம் விடவே கூடாது. சொந்த புக்கிங் இல்லாத தேதிகளில் பழையபடி போய்வாருங்கள், அந்தக் கூலிதான் ஆல்பம் பாக்கி வரும் வரை வீட்டை ஓட்டும். கடை வாடகையையும் முதல் வருடம் தள்ளிப்போடலாம், வீட்டில் ஒரு அறையும் ஆல்பம் மாதிரிகள் வைக்க ஒரு மேஜையும் போதும். வாரம் ஒருநாள் வாடிக்கையாளர் வீட்டுக்கே நீங்கள் போய்க் காட்டினால் அப்பாக்களுக்கு அது இன்னும் பிடிக்கும். ஆனால் இதுவரை வேலை கொடுத்த ஸ்டுடியோக்களிடம் சொந்தமாகத் தொடங்கப்போவதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவர்கள் கல்யாணத்துக்குப் போன இடத்தில் உங்கள் விசிட்டிங் கார்டையோ இன்ஸ்டா ஐடியையோ கொடுக்காதீர்கள். யாராவது கேட்டால் ஸ்டுடியோ நம்பரையே கொடுங்கள். இந்த ஊர்களில் ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், முகூர்த்த நாளில் உங்கள் கேமரா மேடையிலேயே கோளாறு செய்தால் பத்து நிமிடத்தில் இன்னொரு பாடியைப் பைக்கில் கொடுத்தனுப்பப் போவது அவர்களில் ஒருவர்தான்.